நில்லாச் சாலை ஆணையத்தில் ஐந்தரை மணி நேரம்

வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனைப் பற்றி ஊரே பேசும். கொடுக்க வந்த காசை வாங்க மறுத்து, வந்தவனையும் கட்டிப்போட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசப் போகிறேன். வயிறு எரிவது எனக்குத்தானே.

முதலில் எங்களைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் பேருந்தில் கண்டக்டர். பணிமனையில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சில்லறை'. மீதி வாங்காமல் இறங்கிப்போன பயணியை மறுநாள் அதே நிறுத்தத்தில் தேடிப் பிடித்து, கையில் திணித்துவிட்டு வருகிற ஆள். பை கணக்கில் ஒரு ரூபாய் கூடினால்கூட இவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. குறைந்தாலாவது சொந்தக் காசைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறேன். பத்தொன்பது வருடம். என்னிடம் படித்தவர்களில் போலீஸ்காரர்கள் ஆறு பேர். ஆறு பேரும் முதல் தடவை தேறவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் வண்டி என் கையில், காசு அவர் கையில். இந்த ஏற்பாட்டில் இதுவரை சண்டை வந்ததில்லை.

என் அக்கா சரக்குக் கப்பலில் சமையல்காரி. அம்மா போன பிறகு அவள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. பன்னிரண்டு வருடமாக அவள் எனக்கு ஒரு குரல்தான். இவர் ஓய்வு பெற்று வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வெளிநாட்டில் எட்டு நாள் கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது என்று முடிவு செய்தபோது, நாட்டைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் இல்லை, அக்காவின் கப்பல். அது ஒரு புதன்கிழமை அங்கே ஒரு துறைமுகத்தில் நிற்கும். அன்று பகல் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை அவளுக்கு வெளியே வர அனுமதி. ஆறுக்கு உள்ளே போய்விட வேண்டும். இரவுக்குள் கப்பல் கிளம்பிவிடும். அடுத்து எப்போது, எந்தக் கரை என்று அவளுக்கே தெரியாது.

ஆறு மணி நேரம். அதற்காகத்தான் அத்தனை செலவும். மற்ற ஏழு நாளும் மலை, கடல், அருவி என்று எழுதி வைத்திருந்தோம், ஒப்புக்கு.

விமான நிலையத்திலிருந்து துறைமுகம் நானூற்று இருபது கிலோமீட்டர். புதன்கிழமை காலை ஏழரைக்கு வண்டியை எடுத்தோம். வாடகைக் கார் கொடுத்த பெண், சாவியை நீட்டும்போதே சொல்லிவிட்டாள்.

"ரோட்டுக்குக் காசு உண்டு சார். ஆனா நீங்க எங்கயும் நிக்க வேண்டாம். எல்லாம் தானா நடக்கும்."

"தானான்னா எப்படிம்மா?"

"தானாதான் சார்."

'பாஸ்' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் பயணியைப் பார்ப்பதுபோல இவர் அவளைப் பார்த்தார். அங்கே நடந்த பேச்சையெல்லாம் நம் பேச்சிலேயே சொல்கிறேன். அவர்கள் பேசியது இதைவிட மரியாதையாக இருந்தது. பாதி எரிச்சல் அந்த மரியாதையால் வந்ததுதான்.

சாலை நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. சாலைக்குக் குறுக்கே பெரிய இரும்பு வளைவு ஒன்று வந்தது. அதன் மேல் வரிசையாகக் காமிரா. ஓரத்தில் பலகை: 'நில்லாச் சாலை ஆணையம். உங்களை நாங்கள் நிறுத்த மாட்டோம். கட்டணம் மூன்றரை.' ஆள் இல்லை, கூண்டு இல்லை, தடுப்புக் கட்டை இல்லை. நான் போய்க்கொண்டே இருந்தேன்.

"நிறுத்து, நிறுத்து. டிக்கெட் வாங்கல," என்றார் இவர்.

"யார்கிட்ட வாங்குவீங்க? கம்பிகிட்டயா?"

"அப்ப எப்படி வாங்குவான்?"

"தானா வாங்குவான்."

இரண்டாவது வளைவு வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்றுக்கும் இவர் நேரம், இடம், தொகை எழுதிக்கொண்டார். மொத்தம் பத்தரை. மூன்றாவது வளைவின் காலில் சின்ன எழுத்தில் இன்னொரு பலகை இருந்தது: 'நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கட்டணம் செலுத்தவும்.' எங்கே என்று போடவில்லை. கைப்பேசியில் தேடினார். ஆணையத்தின் பக்கம் திறந்தது. கார் எண் கேட்டது, கொடுத்தார். அட்டை எண் கேட்டது, பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அட்டையைக் கொடுத்தார். 'உள்நாட்டு வங்கி அட்டை மட்டும்' என்று வந்தது. திரும்பவும் போட்டார். திரும்பவும் அதேதான் வந்தது. அதற்குள் இவர் முகம் வாடிவிட்டது.

"இதோ பாரு, அடுத்த ஊர்ல அவங்களுக்கு ஆபீஸ் இருக்காம். ஒன்பதே முக்காலுக்குப் போயிடலாம். கையோட கட்டிட்டுப் போனா பத்து நிமிஷ வேலை."

"அக்காவைப் பாத்துட்டு வந்து கட்டலாமே."

"அந்தப் பக்கம் ஆபீஸ் இல்ல. டிக்கெட் இல்லாத பயணம்டி இது. நானே எத்தனை பேரை இதுக்கு வழியில இறக்கி விட்டிருக்கேன்?"

எங்களுக்குக் கையில் நேரம் இருந்தது. பத்து நிமிடம்தானே என்று நானும் நினைத்தேன். பிரிந்து போகிற பாதைக்கு இண்டிகேட்டர் போட்டது இதே கைதான்.

அந்த அலுவலகத்துக்குப் பெயர் 'பயணியர் மகிழ்ச்சி மையம்'. ஆறு மாடி. வாகன நிறுத்தத்தில் நுழையும்போது காமிரா எங்கள் கார் எண்ணைப் படித்துத் தடுப்புக் கட்டையைத் தானே தூக்கியது. என்ன மரியாதை என்று நான் வாய் விட்டே சொன்னேன். புத்தி கெட்டவள்.

உள்ளே நாற்பது நாற்காலி. ஒருவரும் இல்லை. எதிரே பன்னிரண்டு கவுன்டர். பன்னிரண்டிலும் ஆள் இருந்தார்கள். நேராக ஒரு கவுன்டருக்குப் போனோம். சிரித்த முகம் வரைந்த வில்லை குத்திய ஒரு பெண், "டோக்கன் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

"வேற யாருமே இல்லையேம்மா."

"யாரும் இல்லாததாலதான் சார் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும்."

டோக்கன் இயந்திரம் உள்ளூர்க் கைப்பேசி எண் கேட்டது. எங்களிடம் இல்லை. வாசல் காவலாளி இரக்கப்பட்டுத் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தான். அதன் பலன், அன்று முழுவதும் எங்களுக்கு வர வேண்டிய அறிவிப்பெல்லாம் அவனுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து படித்துக் காட்டிவிட்டுப் போவான். டோக்கன் எண் ஒன்று. நாற்பது நிமிடம் கழித்து அழைத்தார்கள்.

இவர் இடுப்புப் பையைத் திறந்து பத்தரையை எண்ணி, நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவுன்டரில் வைத்தார். அந்தப் பெண் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சார், இது காசு."

"ஆமாம்மா, உங்க நாட்டுக் காசுதான்."

"நாங்க காசு வாங்குறதில்ல சார். காசை ஒழிச்சு ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப அட்டை?"

"தாராளமா. உள்ளூர் பேங்க் அட்டை."

"உள்ளூர் பேங்க்ல எப்படிக் கணக்குத் திறக்கிறது?"

"ரொம்ப சுலபம் சார். ரெண்டு வருஷம் இங்க குடியிருந்தா போதும்."

நான் குறுக்கே விழுந்தேன். "சரிம்மா, கணக்கு இல்லாதவங்க என்னதான் பண்ணுவாங்க?"

"நோட்டீஸ் வந்ததும் அதுல இருக்கிற நம்பரை வச்சுக் கட்டலாம். நோட்டீஸ் இருபத்தொரு நாள்ல வரும்."

"பலகையில நாற்பத்தெட்டு மணி நேரம்னு போட்டிருக்கே?"

"ஆமா மேடம். கட்டறதுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். நோட்டீஸ் வர்றதுக்கு இருபத்தொரு நாள். ரெண்டும் வேற வேற பிரிவு." அவள் சிரித்தாள். வில்லையும் சிரித்தது.

எழுந்து போயிருக்க வேண்டும். நான் இவர் முழங்கையைப் பிடித்து இழுக்கவும் செய்தேன். அப்போதுதான் அவள் ஒரு தாளை நகர்த்தினாள். "ஒண்ணு பண்ணலாம் சார். நீங்க கட்ட வந்தீங்கன்னு பதிவு பண்ணிடலாம். உங்க பேருக்கு ஒரு நல்லது." நல்லது என்றதும் இவர் மயங்கிவிட்டார். 'மேற்படி வாகனத்தில் கட்டணம் செலுத்தாமல் மூன்று முறை பயணம் செய்தேன் என்பதை மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். நாள், நேரம் எல்லாம் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அரை நிமிடம் ஆகவில்லை, காவலாளி கைப்பேசியோடு ஓடி வந்தான். "சார், உங்க வண்டி பாக்கி வண்டின்னு மெசேஜ் வந்திருக்கு. இனி வெளிய போற கட்டை தூக்காது."

"எதுக்கு?"

"பாக்கி இருக்கே சார்."

"அதைக் கட்டத்தானே வந்திருக்கோம்!"

"அதான் சார், பாக்கி இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே."

மணி பதினொன்று. அக்கா அழைத்தாள்.

"எங்கடி இருக்க? நான் பன்னிரண்டுக்கு டாண்ணு கேட்டுக்கு வந்துடுவேன்."

 பத்தரை கட்ட வந்து மாட்டிக்கொண்டோம் என்று எந்த வாயால் சொல்வது? "பெட்ரோல் போடுறோம் அக்கா, வந்துடுவோம்," என்றேன்.

வாடகைக் கார் கொடுத்த பெண்ணை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க எதுக்கு மேடம் போனீங்க?" என்றாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியாதாம். காரை அங்கேயே விட்டுவிட்டு வேறு வழியில் போகலாமா என்றும் பார்த்தோம். துறைமுகத்துக்குப் பேருந்து மறுநாள் காலைதான். டாக்ஸிக்கும் உள்ளூர் அட்டை வேண்டும். காவலாளியே வருத்தப்பட்டு, "மேல மண்டல அதிகாரியைப் பாருங்க மேடம், ரொம்ப நல்லவர்," என்றான்.

நல்லவர்தான். தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார். அவர் மேஜையில் ஒரு தாள்கூடக் கிடையாது. சுவரில் விருதுகள் மட்டும் ஒன்பது. ஒன்பதும் ஆணையம் ஆணையத்துக்குக் கொடுத்துக்கொண்டவை. இவர் கண்டக்டர் என்று கேட்டதும் அதிகாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"அப்படியா! அப்ப உங்களுக்குத்தான் இது புரியும் சார். முன்னாடி இந்த நாட்டுல ஒவ்வொரு சுங்கக் கேட்லயும் ஆளுங்க உட்கார்ந்து காசு வாங்கிட்டு இருந்தாங்க. நாடு முழுக்க எண்பது பேர். வண்டி நிக்கும், வரிசை நிக்கும், ஒரே அசிங்கம். எல்லாத்தையும் எடுத்துட்டோம். அன்னைக்கு எண்பது பேர் வாங்கிட்டிருந்த காசை இன்னைக்கு நானூறு பேர் வாங்காம இருக்கோம். இதுதான் சார் வளர்ச்சி."

"வாங்கினா என்ன சார்?" என்றார் இவர் பரிதாபமாக.

"மூணரையை வாங்கினா, அதை எண்ணி, எழுதி, பேங்க்ல போட எங்களுக்குப் பதினொண்ணு செலவாகுது. உங்க நன்மைக்கில்ல, நாட்டோட நன்மைக்காகத்தான் வேண்டாம்கிறோம். அபராதம்னா அப்படி இல்ல. அதுல ஒரு கௌரவம் இருக்கு. அபராதத்துலதான் இந்தக் கட்டடமே கட்டினோம்."

"நாங்க மதியம் ஒருத்தரைப் பாக்கணும் சார்," என்றேன். "எங்க அக்கா. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஆறு மணிக்குள்ள போயாகணும். நீங்க பெரியவர், ஒரு வார்த்தை சொன்னா கட்டை தூக்காதா?"

"மேடம், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. அதுக்குத்தான் எங்களுக்குப் பயிற்சியே குடுத்திருக்காங்க." அவர் நெஞ்சில் கை வைத்தார். "ஆனா பாருங்க, கட்டாமப் போறவனுக்கு எங்ககிட்ட வழி இருக்கு. நோட்டீஸ் இருக்கு, நினைவூட்டல் இருக்கு, கோர்ட் இருக்கு. எல்லாத்துக்கும் படிவம் இருக்கு. தானா வந்து கட்டறேன்னு நிக்கிறவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. அப்படி ஒருத்தர் வருவார்னு யாருமே நினைக்கல. ஆறு வருஷத்துல நீங்கதான் முதல் ஆள் சார். வாழ்த்துக்கள்."

இவர் கையை அவர் பிடித்துக் குலுக்கினார். இவரும் குலுக்கினார். எனக்கு அந்தக் கைகள் இரண்டையும் சேர்த்துக் கதவிடுக்கில் வைக்க வேண்டும்போல இருந்தது.

"அப்ப வழியே இல்லையா?"

"இருக்கே! நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்தீங்கன்னா சார் குற்றவாளி ஆயிடுவார். குற்றவாளி ஆனதும் கீழ் தளத்துல அபராதம் கட்டலாம். அபராதப் பிரிவு பழைய சட்டத்துல வருது, அவங்க மட்டும் காசு வாங்கலாம். கட்டினதும் பாக்கி தீர்ந்துடும், கட்டை தூக்கும்."

"அதுவரைக்கும்?"

"இன்னும் நாற்பத்தஞ்சு மணி நேரம்தான். கீழ நாற்காலி நல்லா இருக்கும்."

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "அவசரம்னா, வேற குற்றம் ஏதாவது பண்ணலாம். உடனடி அபராதம் இருக்கிற குற்றமா பாத்துப் பண்ணுங்க. கீழ நம்ம வாகன நிறுத்தத்துலயே மஞ்சள் கோடு இருக்கு. அது மேல வண்டிய நிறுத்தினா இருநூத்தி அறுபது. ஒரே வண்டியோட பேர்ல அபராதம் விழுந்தா, பழைய பாக்கியும் அதுலயே அடங்கிடும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பத்தரை கட்ட வந்தவர்கள் இருநூற்று அறுபது கட்ட வழி தெரிந்துகொண்டு படியிறங்கினோம். மணி பன்னிரண்டே முக்கால். அக்கா கேட்டில் வந்து நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பத்தொன்பது வருடம் "கோட்டைத் தொடாதே, கோட்டைத் தொடாதே" என்று கத்தியே தொண்டை தேய்ந்தவள் நான். அன்று வண்டியைப் பின்னால் எடுத்து மஞ்சள் கோட்டின்மேல் ஏற்றினேன். காவலாளி விசில் ஊதி வழி காட்டினான்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க மேடம். ரெண்டு சக்கரமும் முழுசா ஏறணும். பாதி ஏறினா வெறும் எச்சரிக்கைதான் வரும். ஆங், அப்படித்தான். சூப்பர்."

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்துக் காவலாளி மேலே போய் விசாரித்துவிட்டு வந்தான். காமிரா படம் எடுத்துவிட்டதாம். ஆனால் படத்தைப் பார்த்து 'இது குற்றம்' என்று அழுத்த வேண்டியவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். இரண்டு மணிக்கு வருவார். இரண்டு மணி வரை அந்த மஞ்சள் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தோம். ஒன்றரைக்கு அக்கா அழைத்தாள்.

"பெட்ரோல் போட இவ்ளோ நேரமாடி? என்ன, கிணறு தோண்டுறாங்களா?"

"ஒரு ஆபீஸ்ல சின்ன வேலை அக்கா."

"லீவுக்கு வந்தவளுக்கு ஆபீஸ்ல என்னடி வேலை? சரி, பதட்டப்படாம வா. நான் எங்க போகப் போறேன், இங்கதான் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

 நான் போனை வைத்ததும் இவர், "நான் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். நான் ஜன்னலை ஏற்றினேன். கண்ணாடி ஏறும் சத்தத்தில் அவர் மீதியை விழுங்கிவிட்டார்.

இரண்டேகாலுக்குக் காவலாளி கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். "மேடம், குற்றம் ஆயிடுச்சு!"

அபராதப் பிரிவில் வரிசை நின்றது. கட்டடத்திலேயே கூட்டம் இருந்த இடம் அதுதான். எங்களுக்கு முன்னால் பதினாறு பேர். எங்கள் முறை வரும்போது மணி மூன்றை நெருங்கிவிட்டது. குமாஸ்தா இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். இவர் முந்நூறை நீட்டினார். குமாஸ்தா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "சில்லறையா குடுங்க."

முப்பத்தொரு வருடம் பயணிகளைப் பார்த்துத் தான் சொன்னது தன்னையே பார்த்து வந்ததும் இவர் ஒரு கணம் தடுமாறினார். ஆனாலும் பழக்கம் விடுமா? பையின் இன்னொரு அறையைத் திறந்து, இருநூற்று அறுபதை எண்ணி வைத்தார். குமாஸ்தா இரண்டு தடவை எண்ணி, ரசீது கிழித்து, முத்திரை குத்தினார்.

"வண்டி போகலாம். பாக்கி ஒண்ணும் இல்ல."

நான் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன். இவர் நகரவில்லை.

"அந்தப் பத்தரை?" என்றார்.

"எந்தப் பத்தரை?"

"மூணு வளைவு. மூணரை மேனிக்குப் பத்தரை. நான் அதுக்குத்தான் வந்தேன்."

"அது தள்ளுபடி. அபராதம் கட்டினவங்களுக்குக் கட்டணம் கிடையாது."

"அது எப்படி சார்? போன தூரத்துக்கு டிக்கெட் வேணாமா? இது கோட்டு மேல நிறுத்தினதுக்கு. அது வேற, இது வேற."

"தள்ளுபடியை ரத்து பண்ணணும்னா மேல போய் மனு குடுங்க."

இவர் உண்மையிலேயே படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். சத்தியமாகச் சொல்கிறேன், ஓர் அடி எடுத்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"வருவீங்களா, இல்ல இந்த நானூறு பேரோட நானூத்தியொண்ணா இங்கயே உட்கார்ந்துடுவீங்களா? எங்க அக்கா அங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்காய்யா!"

வந்தார். கார் கதவை மூடும்போது மணி மூன்றேகால். தடுப்புக் கட்டை பணிவாக எழுந்து நின்றது. காவலாளி கையசைத்தான். மீதி இருநூற்று ஐம்பது கிலோமீட்டர். சாலையில் நூறுக்கு மேல் போகக் கூடாது. நூற்று முப்பதில் விரட்ட எனக்குத் தெரியாமல் இல்லை. தெம்பும் கோபமும் தேவைக்கு மேலேயே இருந்தன. ஆனால் காமிரா பிடித்தால் திரும்பவும் எந்த மகிழ்ச்சி மையத்தில் கட்டிப்போடுவார்களோ என்று பயந்து, முள்ளை நூறிலேயே வைத்திருந்தேன். வழியில் ஒரு பாலத்தில் பழுது வேலை. அங்கே இருபது நிமிடம் ஊர்ந்தோம். வளைவுகள் வந்தன, போயின.  ஐந்தே முக்காலுக்கு அக்கா அழைத்தாள். நான் எடுக்காமல் இவரிடம் கொடுத்தேன். "வந்துட்டோம் அக்கா, வந்துட்டோம்," என்று மட்டும் சொன்னார். அப்போது இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது.

துறைமுகக் கேட்டை அடைந்தபோது ஆறு பத்து.

"ஆறு மணிக்கு உள்ள போயிட்டாங்கம்மா," என்றான் அங்கே நின்ற காவல்காரன். "பன்னிரண்டு மணியிலேருந்து இங்கதான் இருந்தாங்க. சாப்பிடக்கூடப் போகல." பெஞ்சைக் காட்டினான். உள்ளே விட முடியாது என்றான். நான் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் முன்பே செலவாகிவிட்டிருந்தது.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அக்காவை அழைத்தேன்.

"வந்துட்டியாடி?" என்றாள். "நேரா பாரு. நீலக் கப்பல். நான் மேல் தட்டுல நிக்கிறேன். கைய ஆட்டு."

நீலக் கப்பல் தெரிந்தது. மேல் தட்டில் வெள்ளை உடையில் ஓர் உருவம் தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். அதுவும் ஆட்டியது. எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"தெரியுதுடி, உன்னை நல்லாத் தெரியுது. கேட் விளக்குக்குக் கீழ நிக்கிற. என்னடி இப்படி இளைச்சிட்ட? முடியெல்லாம் கொட்டிடுச்சா?"

"நீயும்தான் அக்கா. அந்த வெள்ளைச் சட்டையில நீ எவ்ளோ ஒல்லியா..."

"வெள்ளைச் சட்டையா? அது நான் இல்லடி, பெயிண்ட் அடிக்கிறவன். நான் இந்தப் பக்கம், சமையலறைப் படிக்கட்டுகிட்ட நிக்கிறேன்."

அந்தப் பக்கம் பார்த்தேன். எனக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் நடுவில் சரக்கு ஏற்றும் கிரேன் ஒன்று நின்றது. இந்தப் பக்கம் நகர்ந்தேன், அந்தப் பக்கம் நகர்ந்தேன். வேலி முடிகிற இடம்வரை ஓடிப் பார்த்தேன். தெரியவில்லை.

"ஓடாதடி, விழுந்துடப் போற. எனக்குத் தெரியுது, அது போதும். என்னதான்டி ஆச்சு உங்களுக்கு?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? சொன்னேன். வளைவு, பத்தரை, டோக்கன், ஒப்புதல் தாள், மஞ்சள் கோடு, எல்லாம் சொன்னேன். 

"அதைக் கட்டவாடி போனீங்க?" என்றாள் அக்கா. "அதை யாருடி கட்டுறா? எங்க கப்பல்ல இறங்குறவனெல்லாம் இங்க வண்டி எடுத்துட்டுதான் சுத்துறான். இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூடக் கட்டினதில்ல. வெளிநாட்டுக்காரனுக்கு அவங்க நோட்டீஸே அனுப்புறதில்லடி. தபால் செலவு அதை விட ஜாஸ்தியாம்."



"சரி, அவரை ஒண்ணும் சொல்லாத. பாவம், நல்ல மனுஷன். ஆளை எண்ணுறாங்க, நான் போகணும். அழாதடி. அழுதா இங்கேருந்து மூஞ்சி சரியாத் தெரியல."

வைத்துவிட்டாள்.

இவர் காருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் கத்தியதிலிருந்து என் பக்கத்தில் வரவே தயங்கினார். மெதுவாக நடந்து வந்து, "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அக்கா சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"யாருமே கட்டுறதில்லையா?"

"யாருமே."

 பிறகு, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்:

"அப்ப அந்த ஆபீஸ்ல அத்தனை பேரு என்னதான் பண்றாங்க?"

"உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருந்தாங்க," என்றேன்.

கப்பல் கரையை விட்டு விலகித் திரும்பியது. சமையலறைப் படிக்கட்டு இருந்த பக்கம் கடலைப் பார்த்துப் போயிற்று.